குழுவாகப் போட்டி, தனியாக விண்ணப்பம்

"இந்தப் போட்டிக்குப் போனா கம்பஸ் கிடைக்குமோ?" ரோபோ, விஞ்ஞானக் கண்காட்சி, ஒலிம்பியாட் என்று எது வந்தாலும் கொழும்புத் தமிழ்ப் பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். கேள்வியில் பிழையில்லை. ஞாயிற்றுக்கிழமைகூட ரியூசனுக்குப் போய்விடுகிற ஊரில், மாதக்கணக்கில் நேரத்தையும் காசையும் கேட்கிற ஒன்றைப் பற்றி வேறெப்படிக் கேட்பது? ஆனால் பதில், எந்தக் கம்பஸ் என்பதைப் பொறுத்தது. அதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளாமல் அணி சேர்ப்பதால்தான் பாதிப் பிள்ளைகள் உயர்தரத்தின் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இலங்கை அரச பல்கலைக்கழகம் மட்டுமே இலக்கென்றால், அங்கே பேசுவது இசட் புள்ளி, அதாவது உயர்தரப் பாடங்களின் புள்ளிகளை ஒப்பிடத்தக்கதாகச் சமப்படுத்திக் கணக்கிடும் எண். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. அந்தக் கடைசிப் பட்டியலில் கொழும்பு இல்லை. கொழும்பு மாவட்டத்தில் மருத்துவம், பொறியியல் வெட்டுப்புள்ளிகள் எப்போதும் உயரத்திலேயே நிற்பதால், தசமத்துக்குப் பின்னால் வரும் மூன்றாவது, நான்காவது இலக்கங்களில் இடம் தவறிப்போகிறது. மொறட்டுவைப் பொறியியலுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளையின் ரோபோச் சான்றிதழை அந்தக் கணக்கில் எங்கும் சேர்க்க மாட்டார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில், பாடத்துக்கு வெளியே தேசிய, சர்வதேச மட்டத்தில் திறமை காட்டியவர்களுக்கென்று ஒரு சிறப்பு அனுமதிப் பகுதி உண்டு. இடங்கள் மிகக் குறைவு. உயர்தரத்தில் ஆகக்குறைந்த தகுதியும் வேண்டும். அந்தந்த ஆண்டுக் கைநூலைத் திறந்து அந்தப் பகுதியைச் சொல் சொல்லாக வாசியுங்கள். யாரோ சொன்னதை நம்பி அதன்மேல் திட்டம் போடாதீர்கள்.

அப்படியென்றால் உள்ளூர் இலக்குள்ள பிள்ளைகள் போட்டிக்கே போகக் கூடாதா? போகலாம், போக வேண்டும் என்பதே என் எண்ணம். பௌதிகவியல் செய்முறையை வினாத்தாளில் மட்டும் பார்த்த பிள்ளைக்கும், வழுவை அளந்து பார்த்த பிள்ளைக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் காலத்தைப் பிழையாக வைக்கக் கூடாது. சாதாரண தரப் பரீட்சை முடிந்து உயர்தரப் பாடங்கள் சூடு பிடிக்கும் வரையான இடைவெளிதான் தங்கமான காலம். தரம் 12 முடிவதற்குள் போட்டியும் முடிந்துவிட வேண்டும். தரம் 13இல் அணியில் நிற்கிற பிள்ளை, இணைந்த கணிதத்தின் கடைசிச் சுற்றுப் பயிற்சியைக் கொடுத்துத்தான் அங்கே நிற்கிறது.

வெளிநாடென்றால் கதை மாறும், ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு மாதிரி. அவுஸ்திரேலியாவில் இளமாணிப் படிப்புகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெறுபேறுதான் கணக்கு. பிரித்தானியாவில் பாடத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள வேலைக்கு மதிப்பு உண்டு. அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸின் விண்ணப்பத்தில் மாணவர் தன்னைப் பற்றி எழுதும் தனிக்கூற்று 2026 அனுமதியிலிருந்து மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: ஏன் இந்தப் பாடம், படித்தவை எப்படித் தயார்ப்படுத்தின, படிப்புக்கு வெளியே வேறென்ன செய்தீர்கள். மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துக்கள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. இடைவெளியும் எழுத்தாகவே எண்ணப்படும். பொறியியலுக்கு விண்ணப்பிப்பவர் தன் ரோபோவில் எந்தப் பிரச்சினையை எப்படிப் பிரித்துப் பார்த்தார் என்பதை இங்கே எழுதலாம். கோப்பையின் படத்துக்கு இங்கே இடமில்லை. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் ஒக்டோபர் 15 கடைசி நாள். நேர்முகத்தில் அந்தப் பிரச்சினையையே தோண்டக்கூடும்.

போட்டிகளை ஆகக்கூடுதலாக வாசிப்பது அமெரிக்கா. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்கும் கொமன் அப் விண்ணப்பத்தில் 10 செயற்பாடுகளுக்கும் 5 விருதுகளுக்கும் இடமுண்டு. ஒவ்வொரு செயற்பாட்டுக்கும் உங்கள் பதவி அல்லது பங்கை எழுத 50 எழுத்துக்கள், நிறுவனத்தின் பெயருக்கு 100, என்ன செய்தீர்கள் என்பதற்கு 150. அதோடு வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், ஆண்டுக்கு எத்தனை வாரம் என்றும் கேட்பார்கள். அது பள்ளியின் கடைசி நான்கு ஆண்டுகளைத்தான் பார்க்கிறது. நம் கணக்கில் தரம் 10 முதல் 13 வரை. எம்ஐடி என்னும் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் தன் சொந்த விண்ணப்பத்தை வைத்திருக்கிறது. அதில் 10 செயற்பாடுகளை அடுக்க இடமில்லை, உங்களுக்கு முக்கியமான நான்கைத்தான் கேட்கிறது. கையால் செய்த பொருட்களைக் காட்டவும், ஆய்வைக் காட்டவும் தனித்தனித் தொகுப்புகளை விரும்பினால் அனுப்பலாம்.

இந்த எண்களை எடுத்துக் காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. சான்றிதழில் பள்ளியின் பெயரும் அணியின் பெயரும் இருக்கும். விண்ணப்பமோ ஒரு தனி ஆளிடம் "நீ என்ன செய்தாய்?" என்று கேட்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் பிள்ளைகள் விழுகிறார்கள். அணி தேசிய மட்டத்தில் இரண்டாமிடம் வந்திருக்கும். ஆனால் தன் பங்கை 150 எழுத்தில் சொல்லச் சொன்னால் "கலந்துகொண்டேன், அனுபவம் பெற்றேன்" என்பதற்கு மேல் வராது. ஆகவே போட்டியைத் தெரிவு செய்யும் நாளிலேயே, இதில் எனக்கென்று எந்தப் பகுதி, அதற்கு எது சாட்சி என்று கேட்டுவிட வேண்டும்.

அணியின் அளவு இதற்கு முதல் வடிகட்டி. உலக ரோபோ ஒலிம்பியாட்டில் ஓரணிக்கு 2 அல்லது 3 பேர், ஒரு பயிற்றுநர். ஐசெஃப் என்னும் சர்வதேச விஞ்ஞான, பொறியியல் கண்காட்சியில் குழுச் செயற்றிட்டமென்றால் அதிகபட்சம் 3 பேர். சர்வதேச இளம் பௌதிகவியலாளர் போட்டியில் 5 பேர். சர்வதேச கனிஷ்ட விஞ்ஞான ஒலிம்பியாட்டில் நாட்டுக்கு 6 பேர். எழுத்துப் பரீட்சை தனித்தனியாக, செய்முறை மட்டும் மூவர் மூவராக. அதற்கு அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று 16 வயதை எட்டியிருக்கக் கூடாது என்பதால் தரம் 9, 10 பிள்ளைகளுக்கே பொருந்தும். மூவர் அணியில் ஒருவர் ஒளிந்திருக்க முடியாது. பள்ளியில் ஒரே ரோபோவைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் நின்றால், ஒன்பது பேர் படத்துக்குத்தான் நிற்கிறார்கள். அப்படியொரு பன்னிருவர் இருந்தால் நான்கு அணியாக உடையுங்கள். பொறுப்பாசிரியருக்கு வேலை கூடும், ஆனால் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும்.

யூடியூப்பில் வரும் அமெரிக்க அறிவுரைகளில் "சயன்ஸ் ஒலிம்பியாட்" என்று ஒன்று அடிக்கடி அடிபடும். 15 பேர் கொண்ட பள்ளி அணி, 23 நிகழ்வுகள், கடைசி வகுப்பு மாணவர் 7 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று அதற்கென்று விதிகள். அது அமெரிக்கப் பள்ளிகளின் போட்டி. அதே பெயர் போன்ற பெயருடன் இங்கே விற்கப்படும் பலதேர்வு வினாத்தாள் பரீட்சைகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு போட்டியை எடைபோட எளிய வழி: போன ஆண்டு வினாக்கள் அல்லது விதிமுறை பொதுவெளியில் இருக்கிறதா, நடுவர் யார், பங்குபற்றியவரில் எத்தனை பேருக்குப் பதக்கம் கிடைத்தது. கட்டணம் கட்டிய எல்லோருக்கும் ஏதோவொரு நிறத்தில் பதக்கம் என்றால் அந்தக் காசுக்கு ஒரு நல்ல மல்டிமீற்றர் வாங்குங்கள்.

இனி ரோபோ. உலக ரோபோ ஒலிம்பியாட்டில், ரோபோ மேசையில் தானாக ஓடிப் பணிகளை முடிக்கும் ரோபோமிஷன் பிரிவில், புறப்படும்போது ரோபோ 250 மில்லிமீற்றர் நீளம், அகலம், உயரத்துக்குள் இருக்க வேண்டும். ஓர் ஓட்டத்துக்கு 2 நிமிடம். புளூடூத், வைஃபை அணைக்கப்பட வேண்டும். போட்டியன்று காலையில் திடீர் விதியொன்றும் வரும். பயிற்சி நேரம் முடிந்ததும் ரோபோவை மேசையில் வைத்துவிட்டு விலக வேண்டும், பிறகு கை வைக்க முடியாது. பயிற்றுநரும் உள்ளே வர முடியாது. எந்தக் கட்டுப்பாட்டுப் பலகை, எந்த மோட்டர் அனுமதி என்பது பிரிவுக்குப் பிரிவு வேறு. புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவுக்கோ யூனிட்டி பிளாசாவுக்கோ போவதற்கு முன் அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தை அச்சிட்டு எடுங்கள். வாங்கிய பிறகு வாசித்த அணிகள் வாங்கியதைக் கழற்றி வைத்திருக்கின்றன.

ஆர்டுயினோ என்னும் நிரலிடக்கூடிய சிறு கட்டுப்பாட்டுப் பலகை அனுமதிக்கப்படும் போட்டிகளில் நம் பிள்ளைகளின் ரோபோ தோற்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்: வீட்டில் சரியாகத் திரும்பியது, மண்டபத்தில் திரும்பவில்லை. காரணம் பற்றரி. 18650 என்னும் மீளச் சார்ஜ் செய்யக்கூடிய லிதியம் கலங்கள் இரண்டைத் தொடராக இணைத்தால் முழுச் சார்ஜில் 8.4 வோல்ற்று இருக்கும், ஓட ஓட 7.4க்கு வரும், அதற்கும் கீழே போகும். மலிவாகக் கிடைக்கும் எல்298என் மோட்டர் பலகை அதில் ஏறத்தாழ 2 வோல்ற்றைத் தானே விழுங்கி வெப்பமாக்கிவிடும். மோட்டருக்குப் போய்ச் சேர்வது மிச்சம். இந்த நிலையில் "வலது மோட்டரை 600 மில்லிசெக்கன் ஓட்டு, 90 பாகை திரும்பும்" என்று நிரல் எழுதினால், அது முழுச் சார்ஜில் மட்டும் உண்மை. மத்தியானத்துக்குள் அதே 600 மில்லிசெக்கன் 75 பாகையில் நின்றுவிடும். நேரத்தை நம்பாமல் சக்கரச் சுற்றை எண்ணும் என்கோடரையோ திரும்பும் கோணத்தை அளக்கும் ஜைரோவையோ நம்புங்கள். காசில்லையென்றால், பாதிச் சார்ஜிலும் முழுச் சார்ஜிலும் தனித்தனியாகச் சோதித்து, போட்டியன்று எந்த வோல்ற்றளவில் ஓட்டுவது என்று முடிவு செய்து, ஒவ்வோர் ஓட்டத்துக்கு முன்பும் மல்டிமீற்றரால் அளந்து பாருங்கள்.

மோட்டர் புறப்படும்போது ஆர்டுயினோ தானாக மீளத் தொடங்குகிறதா? மோட்டர் இழுக்கும் மின்னோட்டத்தால் வோல்ற்றளவு ஒரு கணம் சரிகிறது. பலகைக்கும் மோட்டருக்கும் தனித்தனி மின்வழங்கல் கொடுத்து, மறைமுனைகளை மட்டும் ஒன்றாக இணையுங்கள். மோட்டரின் இரு முனைகளுக்குக் குறுக்கே 100 நனோபரட் கொள்ளளவி ஒன்றை ஒட்டிவிடுங்கள். பாதித் தொல்லை அங்கேயே தீரும்.

அடுத்தது வெளிச்சம். டிசிஆர்டி5000 போன்ற அகச்சிவப்புச் சென்சர், தரையிலிருந்து 2, 3 மில்லிமீற்றர் உயரத்தில்தான் நன்றாக வேலை செய்யும். சூரிய வெளிச்சத்திலும் அகச்சிவப்பு இருப்பதால், யன்னலோர மேசையில் கறுப்புக் கோடும் வெள்ளைத் தாளும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டத் தொடங்கும். சென்சரைச் சுற்றிக் கறுப்பு மட்டையால் ஒரு பாவாடை கட்டுங்கள். நிரலில் எல்லை எண்ணை நிலையாக எழுதாதீர்கள். பொத்தானை அழுத்தினால் வெள்ளையில் ஒரு வாசிப்பு, கறுப்பில் ஒரு வாசிப்பு எடுத்து, நடுப்பெறுமானத்தைத் தானே எல்லையாக வைத்துக்கொள்ளும் மாதிரி எழுதினால், எந்த மண்டபத்திலும் அரை நிமிடத்தில் தயாராகலாம். இன்னொன்று, சின்னதுதான்: மலிவான ஆர்டுயினோ நானோ பலகைகளில் சிஎச்340 என்ற யூஎஸ்பி சில்லு இருக்கும். அதற்கான டிரைவர் மடிக்கணினியில் இல்லாவிட்டால் பலகை அகப்படாது, மண்டபத்தில் இணையமும் இருக்காது. இரண்டு மடிக்கணினிகளில் முன்பே நிறுவிவிட்டுப் போங்கள்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், விண்ணப்பத்தில் எழுதத்தக்க விஷயம் இந்தப் பிழைகளுக்குள்தான் இருக்கிறது. பதவி இடத்தில் "உறுப்பினர்" என்றும், விளக்கத்தில் "பள்ளி ரோபோ அணியில் தேசியப் போட்டியில் பங்குபற்றிக் கூட்டுமுயற்சியின் சிறப்பை உணர்ந்தேன்" என்றும் எழுதினால் வாசிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பதவி இடத்தில் "நிரல், சென்சர் பொறுப்பு" என்று போட்டுவிட்டு, "கோடு தொடரும் நிரலை எழுதினேன், மண்டப வெளிச்சத்தில் சென்சர் பிழைப்பதை அளந்து தன்னளவுதிருத்தம் சேர்த்தேன், 10 ஓட்டத்தில் 6 என்றிருந்தது 9 ஆனது" என்று எழுதினால் ஓர் ஆள் தெரிகிறார். ஆங்கிலத்தில் எழுதும்போதும் அமைப்பு இதுவே: என்ன செய்தேன், ஏன், எவ்வளவு மாறியது. எண் உண்மையாக இருக்க வேண்டும். உண்மையாக இருக்க வேண்டுமென்றால் அன்றன்றைக்கு எழுதி வைத்திருக்க வேண்டும்.

எனவே குறிப்பேடு. தாள் கழலாத கட்டுப் புத்தகம், பக்கங்களுக்கு எண், ஒவ்வொரு நாளும் திகதி, அன்று வேலை செய்தவரின் சுருக்கக் கையொப்பம். பிழையானதை அழிக்காமல் ஒரு கோடு கீறி விடுங்கள். எது தோற்றது என்பதும் தரவு. நிரலை ஒரே மடிக்கணினியில் ஒரே கணக்கில் ஏற்றினால் எல்லாம் ஒருவரின் வேலையாகவே பதிவாகும். நிரல்களை இணையத்தில் சேமிக்கும் கிட்ஹப்பில் மூவரும் தனித்தனிக் கணக்கு வைத்து அவரவர் எழுதியதை அவரவரே ஏற்றுங்கள். பிறகு "இதை யார் செய்தது?" என்று நட்புக்குள் சண்டை வராது. இந்தச் சண்டை வருவது போட்டியன்று அல்ல, விண்ணப்பம் எழுதும் மாதத்தில். மூவரும் "அணித்தலைவர்" என்று எழுதிவிட்டால், மூன்று விண்ணப்பமும் ஒரே கல்லூரிக்குப் போகும்போது மூவருமே பாதிக்கப்படுவார்கள். யார் எதை எழுதுவது என்று அணி கலையும் முன் ஒரு தாளில் எழுதி, மூவரும் பொறுப்பாசிரியரும் ஒப்பமிட்டு வையுங்கள்.

ஐசெஃப் பாதை வேறு மாதிரி. இங்கிருந்து அதற்குப் போகும் வழி, இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் நடத்தும் இலங்கை விஞ்ஞான, பொறியியல் கண்காட்சி. இதில் அணிகளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் ஆய்வுகூட வேலையல்ல, படிவம். சில வகை ஆய்வுகளுக்கு, பரிசோதனை தொடங்குவதற்கு முன்பே மீளாய்வுக் குழுவின் அனுமதி வேண்டும். மனிதரிடம் தரவு சேர்ப்பது அதில் ஒன்று. வகுப்பில் நாற்பது பேரிடம் ஒரு வினாக்கொத்து நிரப்பி வாங்குவதும் அதற்குள்தான் வரும். வயது குறைந்தவர்களென்றால் பெற்றோர் சம்மதமும் கேட்கப்படலாம். முதலில் தரவைச் சேர்த்துவிட்டுப் பிறகு திகதி போட்டு அனுமதி வாங்க முடியாது. பக்றீரியா வளர்ப்பதென்றால் வீட்டில் கூடவே கூடாது, தகுந்த ஆய்வுகூடத்தில் மட்டும். நீரில் கோலிஃபோம் பக்றீரியா இருக்கிறதா என்று நிறமாற்றத்தால் காட்டும் சோதனைப் பொதிகளுக்குச் சலுகை உண்டு: மூடியைத் திறக்காமல் வைத்து, முறையாக அப்புறப்படுத்தினால் முன் அனுமதி தேவையில்லை, ஆனால் ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் வேண்டும். ஒரு செயற்றிட்டம் தொடர்ச்சியாக 12 மாதத்துக்கு மேற்பட்ட ஆய்வை உள்ளடக்கக் கூடாது. ஆண்டின் நடுவில் குழு உறுப்பினரை மாற்றவும் இடமில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். "அவன் வெளிநாடு போயிட்டான், இவனைச் சேர்ப்பம்" என்பது இங்கே நடக்காது. சுருக்கம் 250 சொற்களுக்குள் அடங்க வேண்டும்.

கொழும்புப் பிள்ளைகள் அதிகம் எடுக்கும் தலைப்பு நீர்தான். வெள்ளவத்தைக் கால்வாய் கண்ணெதிரே ஓடுகிறது. நல்ல தலைப்பு, ஆனால் ஒரு பொறி இருக்கிறது. அந்தக் கால்வாய் கடலில் முடிகிறது. நன்னீரின் மின்கடத்துதிறன் சென்ரிமீற்றருக்குச் சில நூறு மைக்ரோசீமன் என்றால், கடல்நீருடையது 50,000 அளவில். கழிமுகத்துக்குக் கிட்ட மாதிரி எடுத்தால், வற்றுப்பெருக்கும் அலையும் கொஞ்சம் கடல்நீரை உள்ளே தள்ளியதுமே எண் எகிறும். அதைப் பார்த்து "தொழிற்சாலைக் கழிவு" என்று பதாகையில் எழுதிவிடுவார்கள். நடுவர் கேட்கும் முதல் கேள்வியில் செயற்றிட்டம் நின்றுவிடும். ஒவ்வொரு மாதிரியுடனும் நேரம், கடல் ஏற்றமா இறக்கமா, முந்தைய நாள் மழை ஆகியவற்றைக் குறியுங்கள். ஒரே இடத்தில் மூன்று போத்தல் எடுங்கள். கழிமுகத்திலிருந்து உள்ளே போகப் போக நான்கைந்து இடங்களில் அளந்தால், உப்பு எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்று தரவே காட்டும். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் எல்லா எண்ணும் மாறும் என்பதால், மழைக்கு முன்னும் பின்னும் அளக்கும்படி அட்டவணை போடுவது நல்லது. பீஎச் மானியை அளக்கும் அன்றே 4, 7, 10 தாங்கற் கரைசல்களால் அளவுதிருத்தம் செய்யுங்கள். முனையைக் காய்ச்சிவடித்த நீரில் ஊறவைத்தால் அது கெட்டுப்போகும். 3 மோலார் பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலில் வைக்க வேண்டும்.

எனக்கு ஆகப் பிடித்த வடிவம் இளம் பௌதிகவியலாளர் போட்டிதான். ஒவ்வோர் ஆண்டும் 17 பிரச்சினைகளை முன்கூட்டியே வெளியிடுவார்கள். பதில் புத்தகத்தில் இருக்காது, மாதக்கணக்கில் பரிசோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மேடையில் ஓரணி அறிக்கையாளர், இன்னோரணி எதிர்வாதி, மூன்றாவது மதிப்பாய்வாளர். எதிர்வாதி ஒரு பிரச்சினையைச் சொல்லிச் சவால் விடுவார். ஏற்றால் அறிக்கையாளருக்கு 12 நிமிடம். அதன்பின் எதிர்வாதி அந்த விளக்கத்தின் பலவீனத்தைத் தேடிக் கேள்வி கேட்டு விவாதிப்பார். கடைசியில் மதிப்பாய்வாளர் இருவரையும் எடைபோடுவார். புள்ளிகளில் அறிக்கைக்கு 3 மடங்கு, எதிர்வாதத்துக்கு 2, மதிப்பாய்வுக்கு 1. நம் பட்டிமன்றத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த மேடை அந்நியமாக இருக்காது, இங்கே நடுவருக்குத் தேவை தரவு என்பதுதான் வேறு. சர்வதேச மட்டத்துக்குப் போக முடியாவிட்டாலும் இதை உள்ளூரில் நடத்தலாம். வெளியான பிரச்சினைகளில் மூன்றைத் தெரிவு செய்து, பம்பலப்பிட்டியில் ஒரு பள்ளி, கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளி, வெள்ளவத்தையில் ஒன்று என்று மூன்று பள்ளிகள் ஒரு சனிக்கிழமை கூடினால் போதும். தமிழில் ஒரு சுற்று, ஆங்கிலத்தில் ஒரு சுற்று வையுங்கள். முதற்சுற்றில் பௌதிகம் தெளியும், இரண்டாம் சுற்றில் நாக்கு திரும்பும். கேம்பிரிட்ஜ் நேர்முகத்தில் கேட்பதும் கிட்டத்தட்ட இப்படித்தான்: தெரியாத ஒன்றைக் கொடுத்து, நீங்கள் வாய்விட்டு யோசிப்பதைக் கேட்பார்கள். இதை நடத்திய பிள்ளைக்கு "ஏற்பாட்டாளர்" என்று எழுத ஒரு செயற்பாடும் கிடைக்கிறது, அதுவும் சொந்தமாக.

போட்டி முடிந்த பிறகு மிஞ்சுவது கடிதங்கள். அமெரிக்கக் கல்லூரிகள் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்தைக் கேட்கின்றன. எம்ஐடிக்கு கணித, விஞ்ஞான ஆசிரியர் ஒருவரிடமிருந்து ஒன்று, மொழி அல்லது சமூகக்கல்வி போன்ற பாட ஆசிரியர் ஒருவரிடமிருந்து ஒன்று. பெரும்பாலான நம் பள்ளிகளில் இதற்கென்று ஆலோசகர் இல்லாததால் அதிபரோ பிரதி அதிபரோதான் பள்ளி அறிக்கையை நிரப்புவார். ரோபோ அணியைப் பார்த்த சேர் வகுப்பிலும் படிப்பித்தவரென்றால் முதற் கடிதத்துக்கு அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. இரண்டாவதுக்குத் தமிழ் மிஸ்ஸைக் கேட்கத் தயங்காதீர்கள். ஆங்கில மொழிபெயர்ப்பை இணைத்தால் போதும். கேட்கும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். நீங்கள் செய்த பகுதி, எங்கே சிக்கியது, எப்படி மீண்டீர்கள் என்று ஒரு பக்கம், குறிப்பேட்டின் இரண்டு பக்கப் பிரதி, கடைசித் திகதி ஆகியவற்றைக் கொடுங்கள். இல்லாவிட்டால் "ஒழுக்கமான, கெட்டிக்கார மாணவர்" என்று நல்ல மனத்தோடு எழுதப்பட்ட, ஒன்றுக்கும் உதவாத கடிதம் போகும். கடிதத்தை ஆசிரியரே தன் மின்னஞ்சல் வழியாக ஏற்ற வேண்டும், மாணவர் கையில் வாங்கி அனுப்ப முடியாது. அந்த மின்னஞ்சலை அவர் உண்மையிலேயே திறக்கிறாரா என்பதையும் ஒருமுறை மரியாதையாகக் கேட்டு வையுங்கள்.

நாட்காட்டியையும் பாருங்கள். அமெரிக்கக் கல்லூரிகளின் முன்கூட்டிய விண்ணப்பச் சுற்றுக்கு நவம்பர் 1 வழமையான கடைசி நாள், மற்றச் சுற்றுக்கு ஜனவரித் தொடக்கம். உயர்தரப் பரீட்சைத் திகதி ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது, 2024, 2025 ஆண்டுகளில் அது நவம்பரில்தான் தொடங்கியது. எனவே கட்டுரைகளும் செயற்பாட்டு விளக்கங்களும் பரீட்சை நெருங்கும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். பரீட்சை வாரத்தில் எழுதப்படும் 150 எழுத்தில் உயிர் இருக்காது.

சர்வதேசச் சுற்றுக்குத் தெரிவாகும் வாய்ப்பிருந்தால் கடவுச்சீட்டை முன்பே எடுத்துவிடுங்கள். தெரிவான பின் பத்தரமுல்லைக்கு ஓடினால், வீசா நேர்முகத்துக்கு நாள் மிஞ்சாது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும். தகப்பன் வெளிநாட்டில் என்றால் அந்தக் கடிதத்துக்கே வாரங்கள் போகும். காசுக்குப் பழைய மாணவர் சங்கத்திடம் போவதாக இருந்தால், பயணச்சீட்டு, வீசாக் கட்டணம், தங்குமிடம், பதிவுக் கட்டணம், உதிரிப்பாகம், 10 சதவீதம் கைவசம் என்று ரூபாயிலும் டொலரிலும் பிரித்து, அன்றைய நாணயமாற்று வீதத்தையும் திகதியையும் அடியில் எழுதிய ஒரே பக்கத்தைக் கொண்டு போங்கள். யார் யாரிடம் ஏற்கெனவே எவ்வளவு கிடைத்தது என்பதும் அதில் இருக்கட்டும். கூட்டத்தில் முதலில் கேட்கப்படும் கேள்வி அதுதான்.